பெய்ஜிங் மாறியது, சண்முகதாசன் மாறவில்லை

2025 ஜனவரியில் இலங்கைக் குடியரசுத் தலைவர் அநுர குமார திசாநாயக்க பெய்ஜிங் சென்றார். அம்பாந்தோட்டையில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை அமைக்க, சீன அரசு நிறுவனமான சினோபெக் 370 கோடி டாலர் முதலீடு செய்வதற்கான உடன்பாடு அந்தப் பயணத்தின்போது கையெழுத்தானது. கம்யூனிஸ்ட் கட்சி ஆளும் ஒரு நாட்டின் நிறுவனம், மார்க்சியம் பேசி வளர்ந்த ஒரு கட்சியின் தலைவர் ஆளும் நாட்டில், லாபத்தைக் கணக்கிட்டு முதலீடு செய்ய முன்வருகிறது. இன்று இதைக் கண்டு எவரும் வியப்பதில்லை. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் இப்படி நடக்கும் என்று ஒருவர் சொல்லியிருந்தால், கொழும்பிலும் பெய்ஜிங்கிலும் அவரை முதலாளித்துவத்தின் கையாள் என்றே அழைத்திருப்பார்கள்.

திசாநாயக்கவின் கட்சி மக்கள் விடுதலை முன்னணி. ஜனதா விமுக்தி பெரமுன என்ற சிங்களப் பெயரால் நாம் அதை அறிவோம். அதை நிறுவிய ரோகண விஜயவீர அதற்கு முன்பு வேறொரு கட்சியில் இருந்து, அங்கிருந்து வெளியேற்றப்பட்டவர். அந்தக் கட்சி, சீனச் சார்பு இலங்கைக் கம்யூனிஸ்ட் கட்சி. அதை வழிநடத்தியவர் ஒரு யாழ்ப்பாணத் தமிழர், நாகலிங்கம் சண்முகதாசன். தோழர்களுக்கு அவர் சண். இலங்கை இடதுசாரி வரலாற்றில் அவர் பெயர் தெரியாதவர் இல்லை. தமிழ்நாட்டிலோ, பழைய இடதுசாரித் தோழர்களைத் தவிர மற்றவர்கள் அவரை மறந்துவிட்டோம்.

பொருளாதார அமைப்புகளின் ஒப்பீடு என்னும் பாடத்தைக் கல்லூரியில் பல ஆண்டுகள் நடத்தியவன் நான். சீனா பற்றிய அத்தியாயத்தை ஒவ்வோர் ஆண்டும் இரண்டாகப் பிரித்தே சொல்லித் தருவோம்: 1978க்கு முன், 1978க்குப் பின். பாடநூலில் அந்த ஆண்டு வெறும் ஒரு கோடு. முன்னது பொதுவுடைமை; பின்னது சந்தை. மாணவர்களும் இரண்டு பக்க விடையாக அதை எழுதி மதிப்பெண் பெற்றுவிடுவார்கள். ஆனால், அந்தக் கோடு மனிதர்களின் வாழ்க்கையின் குறுக்கேயும் விழுந்தது. சீனாவுக்கு வெளியே, சீனாவை நம்பி வாழ்ந்தவர்களின் வாழ்க்கையில் அது எப்படி விழுந்தது என்பதை அறியச் சண்முகதாசனின் வரலாற்றைப் போல உதவுவது வேறில்லை.

சண்முகதாசன் 1920இல் யாழ்ப்பாணத்தை அடுத்த மானிப்பாயில் பிறந்தார். அந்நாளைய யாழ்ப்பாணத்துப் படித்த இளைஞனுக்குப் பாதை முன்பே வகுக்கப்பட்டிருந்தது: ஆங்கிலக் கல்வி, கொழும்பில் பட்டம், பிறகு அரசாங்க உத்தியோகம். அவரும் கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரி வரை அந்தப் பாதையிலேயே சென்றார். அங்கே, இங்கிலாந்தில் படித்துப் பொதுவுடைமையராகத் திரும்பியிருந்த இளைஞர்களின் தொடர்பு கிடைத்தது. இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம். 1943 ஜூலையில் டாக்டர் எஸ்.ஏ. விக்கிரமசிங்க தலைமையில் இலங்கைக் கம்யூனிஸ்ட் கட்சி உருவானது. உத்தியோகத்தைத் தேடாமல் சண்முகதாசன் கட்சியின் முழுநேர ஊழியரானார். வாழ்நாளின் இறுதிவரை அவர் வேறு வேலை எதற்கும் போகவில்லை.

அவர் தேர்ந்துகொண்ட களம் தொழிற்சங்கம். இலங்கைத் தொழிற்சங்க சம்மேளனத்தின் பொதுச் செயலாளர் பொறுப்பில் அவர் நெடுங்காலம் இருந்தார். கொழும்புத் தொழிலாளர்களில் பெரும்பான்மையோர் சிங்களவர். இனப் பகைமை ஆண்டுக்கு ஆண்டு கூடிக்கொண்டிருந்த ஒரு நாட்டில், தமிழர் ஒருவரைச் சிங்களத் தொழிலாளர்கள் தங்கள் தலைவராக ஏற்றுக்கொண்டார்கள் என்பது இன்றைக்கு நினைத்தாலும் சாதாரணச் செய்தி அல்ல. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் லட்சக்கணக்கான மலையகத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. 1956இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்ற சட்டம் வந்தது. இந்த அலைகளுக்கு நடுவே, கூலி, வேலை நேரம், பணிப் பாதுகாப்பு என்ற பொதுக் கோரிக்கைகளால் இரு மொழித் தொழிலாளரையும் ஒரே சங்கத்தில் நிறுத்திவைக்க முடியும் என்று அவர் நம்பினார்.

இலங்கைக்கும் மக்கள் சீனத்துக்கும் இடையே முதல் பெரும் பாலத்தைக் கட்டியவர்கள் கம்யூனிஸ்ட்டுகள் அல்லர் என்பது பலருக்குத் தெரியாத உண்மை. அதைக் கட்டியது கம்யூனிச எதிர்ப்பை வெளிப்படையாகப் பேசிய ஐக்கிய தேசியக் கட்சி அரசு. கொரியப் போரின் விளைவாகச் சீனாவுக்கு ரப்பர் விற்கக் கூடாது என்ற தடை 1951இல் வந்தது. அதே வேளையில் உலகச் சந்தையில் ரப்பர் விலை சரிந்தது. அரிசி விலையோ ஏறியது. அரிசியை இறக்குமதி செய்து உண்ணும் இலங்கை இரண்டு பக்கமும் அடிவாங்கியது. வர்த்தக அமைச்சர் ஆர்.ஜி. சேனநாயக்க பெய்ஜிங் சென்று, 1952 டிசம்பரில் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். ஆண்டுக்கு 50,000 டன் ரப்பரை இலங்கை தர வேண்டும். 2,70,000 டன் அரிசியைச் சீனா தர வேண்டும். இரு நாடுகளுக்கும் இடையே அப்போது தூதரக உறவுகூட இல்லை. அமெரிக்க உதவியை இழக்க நேர்ந்தும் இலங்கை பின்வாங்கவில்லை. ரப்பர் - அரிசி ஒப்பந்தம் என்று பெயர் பெற்ற இந்த ஏற்பாடு, புதுப்பிக்கப்பட்டுப் புதுப்பிக்கப்பட்டு 1982 வரை நீடித்தது.

பொருளாதார மாணவர்கள் இந்த ஒப்பந்தத்தைக் கூர்ந்து பார்க்க வேண்டும். சீனா உலகப் பொருளாதாரத்துக்குள் 1978இல்தான் திடீரென நுழைந்தது என்பது முழு உண்மை அல்ல. தடைகளால் சூழப்பட்டிருந்த நாளிலும், தனக்கு வேண்டியதை வாங்கத் தன்னிடம் இருப்பதைக் கொடுக்கவும், கொள்கை எதிரியோடு மேசையில் அமரவும் அது தயங்கவில்லை. நாட்டின் நலன் ஒரு கணக்கு, கட்சியின் கொள்கை வேறொரு கணக்கு என்னும் இரட்டைப் பேரேடு தொடக்கம் முதலே பெய்ஜிங்கில் இருந்தது. சண்முகதாசன் கொள்கைப் பேரேட்டை மட்டுமே படித்தார். அவருடைய வாழ்க்கையின் துயரம் அங்கிருந்தே தொடங்குகிறது என்பது என் கருத்து.

1956இல் சோவியத் கட்சியின் 20ஆவது மாநாட்டில் குருசேவ், ஸ்டாலினின் குற்றங்களைப் பட்டியலிட்டார். முதலாளித்துவ நாடுகளோடு சமாதான சகவாழ்வு என்றும், சில நாடுகளில் தேர்தல் வழியாகவே சோஷலிசத்தை அடைய முடியும் என்றும் புதிய பாதை காட்டினார். சீனக் கட்சி அதைப் புரட்சிக்குச் செய்த துரோகமாகக் கண்டது. 1963இல் இரு கட்சிகளும் வெளிப்படையாக மோதிக்கொண்டன. உலகமெங்கும் கம்யூனிஸ்ட் கட்சிகள் உடைந்தன. இந்தியாவில் 1964இல் நிகழ்ந்த பிளவுக்குச் சீனப் போரும் உள்நாட்டு அரசியலும் சேர்ந்தே காரணங்களாயின. கொழும்பில் கோடு இன்னும் தெளிவாக விழுந்தது: மாஸ்கோ பிரிவு, பீக்கிங் பிரிவு. சண்முகதாசன் பீக்கிங் பிரிவின் தலைவராக வெளியே வந்தார். நாடாளுமன்ற நாற்காலிகள் மாஸ்கோ பிரிவோடு தங்கின. தொழிற்சங்க சம்மேளனம் இவரோடு வந்தது.

அடுத்த ஏழெட்டு ஆண்டுகள் அவருடைய பொதுவாழ்வின் உச்சம். தமிழில் தொழிலாளி, சிங்களத்தில் கம்கருவா என்ற இதழ்கள் கட்சியின் குரலாயின. மலையகத் தேயிலைத் தோட்டங்களில் செங்கொடிச் சங்கம் வேர்விட்டது. சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 மலையகத் தமிழர்களை இந்தியாவுக்கு அனுப்ப வேண்டும் என்று 1964இல் எண்ணிக்கை பேசி முடித்திருந்த காலம் அது. தங்களைக் கேட்காமலேயே தங்கள் தலைகளை எண்ணிப் பங்கிட்ட இரு அரசுகளைக் கண்டு திகைத்து நின்ற அந்த மக்களிடம், உழைப்பவன் என்ற அடையாளம் ஒன்று உங்களுக்கு உண்டு என்று சொன்ன சங்கம் எவ்வளவு சிறியதாக இருந்தாலும் அதற்கு மதிப்பு உண்டு.

யாழ்ப்பாணத்திலோ அவருடைய கட்சி சாதிக்கு எதிராக நின்றது. 1966 அக்டோபரில் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாண நகரம் நோக்கி நடந்த ஊர்வலம் காவல்துறையின் தடியடியைச் சந்தித்தது. அடுத்த ஆண்டு தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் அமைக்கப்பட்டது. தேநீர்க் கடைகளும் கோயில்களும் திறக்கப்பட வேண்டும் என்பது அதன் கோரிக்கை. 1968இல் மாவிட்டபுரம் கந்தசாமி கோயில் வாசலில் நடந்த போராட்டம் நாடெங்கும் பேசப்பட்டது. எழுத்தாளர் கே. டானியல் போன்றோர் இந்த இயக்கத்தின் களத்தில் நின்றவர்கள். தமிழரின் உரிமை பேசிய தலைவர்கள் பலர், தமிழருக்குள்ளேயே உரிமை மறுக்கப்பட்டவர்களைப் பற்றி மௌனம் காத்த நேரம் அது. சங்கானையை இவர்கள் ஷாங்காய் ஆக்கப் பார்க்கிறார்கள் என்ற ஏளனம்தான் மேல்தட்டிலிருந்து வந்தது. இன்று யாழ்ப்பாணத்துக் கோயில்கள் பல எல்லோருக்கும் திறந்திருக்கின்றன என்றால், அதற்கான நன்றியில் ஒரு பங்கு இந்த இயக்கத்துக்கு உரியது.

இதே காலத்தில் அவர் பெய்ஜிங் சென்று மாவோவைச் சந்தித்தார். பண்பாட்டுப் புரட்சியின் உச்சகாலம். லட்சக்கணக்கான இளைஞர்கள் சிவப்புப் புத்தகத்தை உயர்த்திப் பிடித்து அணிவகுத்த காட்சி அவரை ஆட்கொண்டது. அதிகாரத்தில் அமர்ந்த கட்சிக்காரர்கள் புதிய எஜமானர்களாக மாறிவிடுவார்கள்; அவர்களை மக்களே எழுந்து தட்டிக்கேட்க வேண்டும் என்ற மாவோவின் கருத்து, அவருக்குச் சோவியத் நோய்க்கான மருந்தாகத் தெரிந்தது. அந்த இளைஞர்களின் கையில் ஆசிரியர்கள் அடிபட்டதும், பல்கலைக்கழகங்கள் ஆண்டுக்கணக்கில் மூடிக்கிடந்ததும், முதலாளித்துவப் பாதையாளர் என்று முத்திரை குத்தப்பட்ட டெங் சியோபிங் ஜியாங்சி மாநிலத்து டிராக்டர் தொழிற்சாலை ஒன்றுக்கு அனுப்பப்பட்டதும் விருந்தினருக்குக் காட்டப்பட்ட சீனாவில் இல்லை. அதற்கு முன்பே, 1958இல் தொடங்கிய மாபெரும் பாய்ச்சல் கடும் பஞ்சத்தில் முடிந்திருந்தது. இறந்தோர் எண்ணிக்கையை ஆய்வாளர்கள் ஒன்றரைக் கோடி முதல் நாலரைக் கோடி வரை மதிப்பிடுகிறார்கள். அந்தப் பஞ்சத்தின் தொடக்க ஆண்டுகளில்கூடச் சீனா தானிய ஏற்றுமதியை நிறுத்தவில்லை.

விஜயவீர இவருடைய கட்சிக்குள் வந்ததும் இந்தக் காலத்தில்தான். மாஸ்கோவில் மருத்துவம் படிக்கச் சென்று, சீனப் பக்கம் சாய்ந்ததால் அங்கே திரும்பிச் செல்ல அனுமதி மறுக்கப்பட்ட இளைஞர் அவர். கட்சிக்குள் தனிக் குழு சேர்த்ததாக 1966இல் வெளியேற்றப்பட்டார். அவர் திரட்டிய இளைஞர்கள் 1971 ஏப்ரல் 5ஆம் தேதி இரவு நாடு முழுவதும் காவல் நிலையங்களைத் தாக்கினர். சிறிமாவோ பண்டாரநாயக்க அரசு கிளர்ச்சியைக் கடுமையாக ஒடுக்கியது. ஆயிரக்கணக்கான சிங்கள இளைஞர்கள் மாண்டனர். அந்தக் கிளர்ச்சியைச் சண்முகதாசன் ஏற்கவில்லை. அதன் தலைவரையே வெளியேற்றியவர் அவர். ஆயினும் சீனச் சார்புக் கட்சியின் தலைவர் என்பதால் அரசு அவரையும் சிறையில் அடைத்தது.

அவர் வாழ்வின் மிகக் கசப்பான திருப்பம் இங்கேதான் வருகிறது. அதே ஏப்ரல் மாதத்தில் சீனப் பிரதமர் சூ என்லாய், சிறிமாவோவுக்கு ஒரு கடிதம் எழுதினார். கிளர்ச்சியைக் கண்டித்தும், அரசு நிலைமையைக் கட்டுப்படுத்தியதைப் பாராட்டியும் அமைந்த கடிதம் அது. கூடவே 15 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடனும் அறிவிக்கப்பட்டது. இலங்கையில் சீனாவின் மிக நெருங்கிய தோழர் கொழும்புச் சிறையில் இருக்கும்போது, அவரைச் சிறையிட்ட அரசுக்குச் சீனா வாழ்த்தும் பணமும் அனுப்பியது. அணிசேரா நாடான இலங்கையின் அரசு நட்பு பெய்ஜிங்குக்கு முக்கியமாக இருந்தது. அந்த ஆண்டு ஜூலையில் கிசிஞ்சர் ரகசியமாகப் பெய்ஜிங் வந்தார், அக்டோபரில் ஐ.நா.வில் சீனாவின் இடம் மக்கள் சீனத்துக்குக் கிடைத்தது. 1972 பிப்ரவரியில் நிக்சன் வந்து மாவோவின் கையைக் குலுக்கினார். உலகச் சந்தையின் கதவை டெங் திறப்பதற்கு முன்பே, தாழ்ப்பாளை மாவோவும் சூ என்லாயும் விலக்கிவிட்டார்கள்.

சண்முகதாசன் சிறையில் இலங்கை வரலாற்றை மார்க்சியப் பார்வையில் ஆராயும் நூலை எழுதினார். வெளியே வந்தபோது கட்சி உடைந்திருந்தது. ஆயினும் மாவோவின் மீதான நம்பிக்கை குலையவில்லை. கொழும்பில் பண்டாரநாயக்க நினைவு மாநாட்டு மண்டபம் 1973இல் சீனாவின் கொடையாக எழுந்து நின்றது. அந்த வெண்மண்டபம் இரு அரசுகளின் நட்புக்குச் சின்னம். கட்சிகளின் தோழமைக்கு அப்படி ஒரு சின்னம் எழவில்லை.

1976 செப்டம்பர் 9ஆம் தேதி மாவோ மறைந்தார். ஒரு மாதத்துக்குள் அவருடைய மனைவி ஜியாங் சிங் உள்ளிட்ட நால்வர் கைதுசெய்யப்பட்டனர். 1977இல் டெங் சியோபிங் பதவிக்குத் திரும்பினார். 1978 டிசம்பரில் கூடிய மத்தியக் குழுவின் முழு அமர்வு, வர்க்கப் போராட்டத்தைப் பின்னுக்குத் தள்ளிப் பொருளாதார வளர்ச்சியை முதற் பணியாக அறிவித்தது. கம்யூன்கள் படிப்படியாகக் கலைக்கப்பட்டு, நிலம் குடும்பங்களின் பொறுப்பில் விடப்பட்டது. ஒப்படைக்க வேண்டிய பங்கு போக மீதியை உழவர் விற்றுக்கொள்ளலாம். 1980இல் ஷென்ஜென், ஜூஹாய், ஷாந்தௌ, ஷியாமென் ஆகிய இடங்கள் சிறப்புப் பொருளாதார மண்டலங்களாயின. வரிச் சலுகையோடு அந்நிய மூலதனம் வரவேற்கப்பட்டது. ஹாங்காங்கை ஒட்டிய எல்லைப்புறச் சிற்றூராக இருந்த ஷென்ஜென்னில் இன்று 1 கோடியே 70 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்கிறார்கள்.

இதே காலத்தில் இலங்கையிலும் கதவு திறந்தது. சொல்லப்போனால் சீனாவுக்கு ஓராண்டு முன்பே திறந்தது. 1977 ஜூலைத் தேர்தலில் ஜே.ஆர். ஜெயவர்த்தனே பெருவெற்றி பெற்றார். பழைய இடதுசாரிக் கட்சிகளுக்கு ஓர் இடமும் கிடைக்கவில்லை. இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்த்தப்பட்டன. ரூபாயின் மதிப்பு குறைக்கப்பட்டது. கட்டுநாயக்கவில் சுதந்திர வர்த்தக வலயம் 1978இல் தொடங்கியது. 1980 ஜூலையில் நடந்த பொது வேலைநிறுத்தத்தில் ஏறத்தாழ 40,000 ஊழியர்கள் வேலை இழந்தனர். தொழிற்சங்கங்களின் முதுகெலும்பு அந்த மாதத்தில் முறிந்தது. தான் எதிர்த்த கொழும்பும் தான் நம்பிய பெய்ஜிங்கும் ஒரே திசையில் நடப்பதைச் சண்முகதாசன் அறுபது வயதில் நின்று பார்த்தார்.

அவருக்கு அப்போது எளிய வழி ஒன்று இருந்தது. உலகின் பல மாவோவியக் கட்சிகளைப் போல, பெய்ஜிங் சொல்வதே சரி என்று தலையசைத்திருக்கலாம். அழைப்பும் அங்கீகாரமும் தொடர்ந்திருக்கும். அவர் அதைச் செய்யவில்லை. மாவோ எச்சரித்த முதலாளித்துவப் பாதையாளர்களே ஆட்சியைக் கைப்பற்றிவிட்டார்கள் என்று எழுதினார். உலகை மூன்றாகப் பிரித்து, வல்லரசுகளுக்கு எதிராக மூன்றாம் உலக அரசுகளோடு கூட்டுச் சேரச் சொன்ன கோட்பாட்டை நிராகரித்தார். மறுபுறம், அல்பேனியாவின் என்வர் ஹோக்ஷா மாவோவையே தாக்கியபோது அவருக்கும் மறுப்பு எழுதினார். 1978இல் யாழ்ப்பாணத் தோழர்கள் பலர் பிரிந்து தனிக் கட்சி கண்டனர். 1984இல், டெங்கை ஏற்காத உலக மாவோவியக் குழுக்கள் சில இணைந்து ஓர் அமைப்பை உருவாக்கியபோது அவருடைய கட்சியும் அதில் சேர்ந்தது. அப்போது அவர் பின்னால் பெருங்கூட்டம் இல்லை.

1983 ஜூலைக் கலவரம், தமிழரும் சிங்களவரும் ஒரே சங்கத்தில் நிற்பார்கள் என்ற அவருடைய வாழ்நாள் கனவைத் தீயிட்டது. மனம் மாறாத ஒரு கம்யூனிஸ்ட்டின் நினைவுகள் என்று பொருள்படும் தலைப்பில் 1989இல் ஆங்கிலத்தில் தன் அரசியல் வரலாற்றை வெளியிட்டார். தியானன்மென் சதுக்கத்தில் மாணவர்கள் சுடப்பட்ட ஆண்டும் அதுவே. 1992 தொடக்கத்தில் டெங் தெற்குச் சீனாவில் சுற்றுப்பயணம் செய்து சந்தைச் சீர்திருத்தத்துக்கு மீண்டும் உயிரூட்டினார். அதற்கடுத்த ஆண்டு, 1993 பிப்ரவரி 8ஆம் தேதி, இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் சண்முகதாசன் காலமானார். மானிப்பாயும் கொழும்பும் பெய்ஜிங்கும் அவருக்குத் தொலைவில் இருந்தன.

பொருளாதாரம் படித்தவன் என்ற முறையில் இந்த வாழ்க்கையை நான் எப்படி மதிப்பிடுவது? முதலில் அவருக்கு எதிரான கணக்கைச் சொல்லிவிட வேண்டும். அவர் துரோகம் என்று அழைத்த அந்தப் பாதையில், சுமார் நாற்பது ஆண்டுகளில் ஏறத்தாழ 80 கோடிச் சீனர்கள் கொடிய வறுமையிலிருந்து மீண்டதாக உலக வங்கி கணக்கிட்டுள்ளது. மனித வரலாற்றில் இவ்வளவு பேர் இவ்வளவு விரைவாகப் பசியிலிருந்து விடுபட்டதில்லை. நிலத்தைக் குடும்பத்தின் பொறுப்பில் விட்ட சில ஆண்டுகளிலேயே தானிய விளைச்சல் உயர்ந்தது. வயிறு நிறைந்ததைக் கொள்கைச் சரிவு என்று மட்டும் சொல்லிக் கடந்துபோக எந்தப் பொருளாதார அறிஞனாலும் முடியாது. சண்முகதாசனின் எழுத்தில் இந்தக் கணக்குக்கு இடமில்லை.

ஆனால், அவர் பக்கமும் ஒரு கணக்கு இருக்கிறது. சீன அரசியல் சாசனத்தில் 1975இல் சேர்க்கப்பட்ட வேலைநிறுத்த உரிமை 1982இல் நீக்கப்பட்டது. கம்யூன்களோடு கிராமங்களின் கூட்டுறவு மருத்துவமும் பெரும்பாலும் சரிந்தது. 1990களில் அரசுத் தொழிற்சாலைகளிலிருந்து கோடிக்கணக்கானோர் வெளியேற்றப்பட்டனர். கிராமத்திலிருந்து நகரத் தொழிற்சாலைக்கு வந்தவர்கள், குடும்பப் பதிவு முறையால் அந்த நகரத்தின் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் முழு உரிமை இல்லாதவர்களாகவே உழைத்தனர். 2001இல் உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்து சீனா உலகின் தொழிற்சாலையானபோது, அதன் மலிவு விலைக்குப் பின்னால் பேச முடியாத உழைப்பு இருந்தது. தொழிலாளியின் பெயரால் ஆளும் நாட்டில் தொழிலாளிக்குச் சொந்தச் சங்கம் இல்லை. இது எங்கே போய் முடியும் என்று உலகம் டெங்கைக் கொண்டாடிய நாளிலேயே கேட்டவர்களில் சண்முகதாசன் ஒருவர்.

இங்கே அவரிடம் கேட்டாக வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. மாவோவின் காலத்திலும் சீனத் தொழிலாளிக்குச் சுதந்திரமான சங்கம் இருந்ததா? இல்லை. பஞ்சத்தில் செத்த உழவன், தானியத்தை அள்ளிச் செல்லாதே என்று அதிகாரியைத் தடுக்க முடிந்ததா? முடியவில்லை. கொழும்பில் முதலாளிகளுக்கு எதிராக எத்தனையோ போராட்டங்களை நடத்திய மனிதர், பெய்ஜிங்கில் அப்படி ஒரு போராட்டம் ஏன் நடக்க முடியவில்லை என்று கேட்கவில்லை. 1978இல் சீனா இழந்ததாக அவர் வருந்திய குரல், அதற்கு முன்பும் அங்கே இருந்ததில்லை. டெங் மாற்றியது பொருளாதாரத்தை. கட்சியின் பிடியை அவர் தளர்த்தவில்லை. அந்த இடத்தில் மாவோவுக்கும் டெங்குக்கும் வேறுபாடு குறைவு. பெய்ஜிங்கின் பாதை மாறியதைக் கண்ட சண்முகதாசன், மாறாமல் இருந்த இதைக் காணவில்லை.

இது தொலைதூர நாட்டின் பழங்கதை அல்ல. நான் ஓய்வுபெற்று வாழும் காவாந்தண்டலம், காஞ்சிபுரம் மாவட்டத்தில் உத்திரமேரூர் வட்டாரத்துச் செய்யாற்றங்கரைக் கிராமம். நெல் விளையும் ஊர். இங்கிருந்து ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்பேட்டைகள் எட்டாத தூரத்தில் இல்லை. இந்த வட்டாரத்துக் கிராமங்களின் பிள்ளைகள் தொழிற்சாலைப் பேருந்துகளில் வேலைக்குப் போகிறார்கள். கைப்பேசியும் காரும் அங்கே உருவாகின்றன. சிறப்புப் பொருளாதார மண்டலம் என்ற ஏற்பாட்டை இந்தியா விரிவாக்கியதற்கு ஷென்ஜென்னின் வெற்றியே பெரும் தூண்டுதல். சீனாவில் கூலி உயர்ந்து, உலக நிறுவனங்கள் மாற்று இடம் தேடும் இந்நாளில், அந்த மாற்றத்தின் ஒரு முனை எங்கள் வயல் வரப்புவரை வந்திருக்கிறது. வீட்டில் முதன்முதலாக மாதச் சம்பளம் வாங்கும் பெண்ணின் நிமிர்ந்த நடையை நான் பார்க்கிறேன். அதைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது.

அதே மாவட்டத்தில், சுங்குவார்சத்திரம் அருகே சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் 2024 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் 37 நாள்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். தங்கள் சங்கம் அங்கீகரிக்கப்பட வேண்டும் என்பது அவர்களின் முதன்மைக் கோரிக்கை. நீதிமன்றம் வரை சென்று 2025 ஜனவரியில் சங்கம் பதிவு பெற்றது. சங்கம் வந்தால் முதலீடு ஓடிவிடும் என்று ஒரு தரப்பும், முதலீடே சுரண்டல்தான் என்று மறு தரப்பும் அப்போது பேசின. ஒன்று டெங்கின் பாடத்தைப் பாதி படித்தவர்களின் குரல். மற்றது சண்முகதாசனின் பாடத்தைப் பாதி படித்தவர்களின் குரல். சீனத்துத் தொழிலாளிக்கு இல்லாத ஒன்று இங்கே இருக்கிறது: சங்கம் வைக்கும் உரிமை, வழக்கு மன்றம், கேள்வி கேட்கும் பத்திரிகை. அந்த உரிமையை வளர்ச்சிக்குத் தடையாகப் பார்ப்பது, நம்மிடம் கூடுதலாக இருக்கும் ஒன்றைக் கடனாகக் கணக்கெழுதுவது போன்றது.

உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு ஊர்ச்சபைக்குக் குடவோலை முறையில் உறுப்பினரைத் தேர்ந்த விதிகளைச் சொல்கிறது. பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவரும், அவருடைய உறவினரும் மறுபடி நிற்க முடியாது என்பது அதில் ஒரு விதி. பெருமைப்பட வேண்டியதுதான். அதே கல்வெட்டு நிலமும் கல்வியும் உள்ளவருக்கே அந்த வாய்ப்பைத் தந்தது என்பதையும் மறக்கக் கூடாது. வயலில் உழைத்தவர்களின் பெயர் எழுதிய ஓலை அந்தக் குடத்துக்குள் விழவில்லை. கணக்குக் கேட்கும் முறை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இங்கே இருந்தது. யார் கேட்கலாம் என்பதில்தான் இன்னும் முடியாத வழக்கு இருக்கிறது.

அம்பாந்தோட்டைத் துறைமுகம் 2017இல் 99 ஆண்டுக் குத்தகைக்குச் சீன நிறுவனத்தின் கைக்குப் போனது. 1952இல் ரப்பருக்கு அரிசி என்று சமமாகத் தொடங்கிய உறவு, கடன் கொடுத்தவன், வாங்கியவன் என்ற உறவாக மாறியிருக்கிறது. மாற்றத்தை நல்லது, கெட்டது என்று ஒரே சொல்லில் தீர்த்துவிட முடியாது. மாறாமல் இருந்ததற்காகச் சண்முகதாசனைப் போற்றவும் வேண்டாம். மாற மறுத்ததற்காக எள்ளவும் வேண்டாம். ஒரு நாட்டை நம்புவதற்கும் ஒரு கொள்கையை நம்புவதற்கும் உள்ள வேறுபாட்டை அவருடைய வாழ்க்கை காட்டுகிறது. நாடுகள் தங்கள் நலனுக்கேற்ப மாறும். அது அவற்றின் இயல்பு. உழைப்பவருக்கு உணவும் வேண்டும், குரலும் வேண்டும் என்பது மாறக் கூடாத கொள்கை. உணவைப் பெருக்குவதில் டெங் வென்றார். குரலின் அருமையைக் கொழும்பில் அறிந்திருந்த சண்முகதாசன் அதைப் பெய்ஜிங்கில் கேட்க மறந்தார். இரண்டையும் சேர்த்துக் கேட்கும் வாய்ப்பு இன்னும் நம்மிடம் இருக்கிறது. அதை வேண்டாம் என்று நாமே தள்ளிவிடாமல் இருந்தால் போதும்.

கட்டுரையாளர்: பொருளாதாரப் பேராசிரியர் (ஓய்வு), காவாந்தண்டலம்.